ஒன்றும் தராத வீடு

அன்றைக்கு விடியற்புறம் ஐறீன் தள்ளுவண்டிலோடு ஒழுங்கைக்குள் இறங்கியபோது ஒரு வாசலிலும் வாளி இல்லை.

முதல் வீட்டில் இல்லை. சரி, மறந்திருப்பார்கள். இரண்டாவது வீட்டிலும் இல்லை. மூன்றாவது வீட்டு வாளி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பன்றிக்குப் போகிற வாளியை எவர் கழுவிக் கவிழ்ப்பார்? கையைப் பிடித்து வெளியே தள்ளினது மாதிரி இருந்தது அவளுக்கு.

கொட்டாஞ்சேனையில் கோவிலுக்குப் பின்பக்கமாக ஓடுகிற ஒழுங்கை அது. ஒரு தள்ளுவண்டில் போனால் எதிரே வருகிற ஆள் சுவரோடு ஒட்ட வேண்டும். அங்கேயே குடியிருக்கிற ஐறீனும் அவள் புருஷன் ஸ்ரனிஸ்லாசும் களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாலம் கடந்து, ஒரு துண்டுக் காணியில் பன்றி வளர்க்கிறார்கள். ஒழுங்கையில் வீட்டுக்கு ஒரு வாளி கொடுத்திருக்கிறாள். பழைய பெயின்ற் வாளி, மூடியோடு. மிஞ்சின சோறு, வடித்த கஞ்சி, புளித்த கறி எல்லாம் அதற்குள் விழும். விடிய அவள் வந்து அள்ளிக்கொண்டு போவாள். நத்தாருக்கும் ஈஸ்டருக்கும் பன்றி அடிக்கிறபோது வாளி வைத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பார்சல் இறைச்சி போகும். இதற்கு எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. எழுத்து இல்லாதபடியால்தான் இவ்வளவு காலமும் ஒழுங்காக நடந்தது என்று ஸ்ரனிஸ்லாஸ் சொல்லுவான்.

மிச்சச் சோறே அருமையாகிப்போன காலம் என்பது ஐறீனுக்குத் தெரியாததல்ல. காஸ் இல்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசை. லைற்றை நினைத்த நேரத்துக்கு வெட்டுகிறான்கள். சனமே பானையை வழித்துத் தின்கிறபோது பன்றிக்கு என்ன மிஞ்சும்? வாளி கொஞ்ச நாளாகவே அரைவாசிதான் இருந்தது. ஆனால் அரைவாசி வேறு, கவிழ்த்து வைப்பது வேறு.

றஞ்சிதம் இடியாப்பத் தட்டுகளை அடுக்கியபடி வாசலுக்கு வந்தாள். மலைநாட்டிலிருந்து கல்யாணம் முடித்து இங்கே வந்தவள். வாய் நீளம். மனம் அவ்வளவு கெட்டதில்லை.

"வாங்க முதலாளியம்மா," என்றாள்.

"என்ன றஞ்சிதம், விடியவே நக்கலோ?"

"நக்கல் என்னங்க நக்கல். நான் ஒங்க பண்ணையில வேல செய்றேனாமே. எனக்கே ராத்திரிதான் தெரியும். சம்பளம் எப்ப தருவீங்க?"

ஐறீனுக்கு விளங்கவில்லை. றஞ்சிதம் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துக் காட்டினாள். ஏதோ ஒரு கடதாசியின் படம். எழுத்து பொடியாக இருந்தது.

"கொரோனா நேரம் பண்ணக்காரங்களுக்கு கவர்மென்ட்டு சல்லி குடுத்திச்சில்ல? யார் யாருக்குக் குடுத்தீங்கன்னு எவனோ சட்டப்படி எழுதிக் கேட்டிருக்கான். இப்ப ஆபீஸ் செவத்துல ஒட்டிட்டாங்க. பேஸ்புக்ல எல்லாம் வந்திருச்சி. இந்தா பாருங்க, ஒங்க வீட்டய்யா பேரு. பன்னிப் பண்ண. ஒரு லச்சத்துக்கு மேல. அதுக்குக் கீழ உதவியாளுங்கன்னு நாங்க எல்லாரும். நாகமணி ஆச்சி பேரும் இருக்கு. அவங்க செத்து வருசம் ஒண்ணாச்சி. இன்னும் ஒங்களுக்கு வேல செய்றாங்க, பாவம்."

"ஐயோ, அது ஆச்சி உயிரோட இருக்கேக்க குடுத்த பேர். ஆர் ஆர் சேந்து பண்ணையை நடத்துறியள் எண்டு கேட்டினம். வாளி வைக்கிற வீடுகளைச் சொன்னனான். தீன் போடுறது நீங்கள்தானே? அதிலை என்ன பிழை?"

"பேரு சொன்னது பெழ இல்ல. பேருக்குச் சல்லி வந்திருக்கில்ல? ஊரடங்குல நாங்க வெறுங்கஞ்சி குடிச்சிட்டுக் கெடந்தோம். நீங்க எங்க தலைய எண்ணிக் காசு எடுத்துட்டு, அந்த நத்தாருக்கு ஒரு துண்டு எறச்சி இல்லன்னு கைய விரிச்சீங்க."

"பண்டி இருந்தாத்தானேயம்மா இறைச்சி? ஹோட்டலெல்லாம் பூட்டிக் கிடந்தது. தீன் இல்லாமச் செத்ததுகளை ஆத்தங்கரையிலை தாட்டது உனக்குத் தெரியாதோ? வந்த சல்லி முழுக்கத் தவிட்டுக்குத்தான் போச்சுது."

"அதெல்லாம் நமக்கெதுக்குங்க. எங்க பங்கப் பிரிச்சுக் குடுங்க, வாளி தானா வெளிய வரும்." சொல்லிவிட்டு உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "எங்கள விடுங்க. நாங்க ரெண்டு நாள் கத்துவோம், அப்புறம் அடங்கிருவோம். அந்த ஜெஸீமாவப் போய்ப் பாருங்க. அவங்க பேரையுமா எழுதிக் குடுத்தீங்க?"

ஐறீன் வண்டிலை ஒழுங்கையின் கடைசிப் பக்கம் திருப்பினாள். ஓம், குடுத்தவள்தான்.

ஜெஸீமா வீடு ஒழுங்கையின் கடைசி. புருஷன் பாரிசவாதத்தில் விழுந்து கட்டிலோடு கிடக்கிறான். அவள் வீட்டில் அடுப்பு மூட்டிச் சமோசா, ரோல்ஸ், வட்டிலப்பம் செய்து கிராண்ட்பாஸில் ஒரு கடைக்குக் கொடுக்கிறாள். நோன்பு மாதத்தில்தான் அவளுக்கு யாவாரம். அந்த ஒரு மாத உழைப்பில் மிச்ச மாதங்களின் மருந்துக் காசு ஓடும்.

அந்த வீட்டுக்கு ஐறீன் வாளி கொடுத்ததில்லை. கொடுக்கக் கூடாது என்பது சொல்லாமலே தெரிந்த விஷயம். ஆனால் கல்யாணமாகி வந்த காலந்தொட்டு ஜெஸீமா உருளைக்கிழங்குத் தோலையும் முட்டைக்கோவாத் தண்டையும் கரட் நுனியையும் ஒரு பையில் போட்டு மதிலில் வைப்பாள். சமைத்தது ஒரு பருக்கையும் அதில் இருக்காது. பன்றி என்ற சொல்லை அவள் வாயில் எடுத்ததில்லை. "அக்கா, ஒங்கட ஆக்களுக்கு இன்டைக்கி தோல் மிச்சம் ஈக்கிது," என்பாள், ஐறீன் வீட்டுக்கு விருந்தாட்கள் வந்திருக்கிற மாதிரி. நத்தார் வந்தால் மற்ற வீடுகளுக்குப் பார்சல் போகும். ஜெஸீமா வீட்டுக்கு மாத்திரம் ஐறீன் சந்தையில் உயிர்க்கோழி ஒன்று வாங்கிக் கால் கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவர்கள் தங்கள் முறைப்படி அறுத்துச் சமைப்பார்கள்.

ஊரடங்கில் பேர் கேட்டபோது ஐறீன் எல்லா வீட்டையும் சொல்லிவிட்டு ஜெஸீமாவில் வந்து கொஞ்சம் நின்றவள்தான். பிறகு, இவ்வளவு காலம் தந்தவளை விட்டால் அது என்ன நியாயம், நாளைக்கு ஏதும் உதவி கிடைத்தால் அவளுக்கும் கிடைக்கட்டுமே என்று சொல்லிவிட்டாள். நல்லது செய்கிறோம் என்று செய்கிறதில்தான் மனிசருக்குக் கண் தெரிவதில்லை.

கதவுச்சேலை விழுந்திருந்தது. மதிலில் பை இல்லை.

"ஜெஸீமா."

உள்ளே கட்டில் முனகியது.

"ஜெஸீமா, நான் ஐறீன்."

"தெரியும்." சேலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "உள்ளுக்கு வராதீங்க அக்கா. அங்கினயே நில்லுங்க."

முப்பது வருஷப் பழக்கத்தில் அந்த வீட்டு வாசலில் ஐறீனை நில் என்று சொன்னது அதுதான் முதல் தரம். அவள் நின்றாள்.

"நேத்து கிராண்ட்பாஸ் கடை நானா போன் எடுத்தார். சமோசா இனி வாணாமாம். ஏன் நானா, ருசி இல்லையா எண்டு கேட்டன். ருசியில கொற இல்ல ராத்தா, ஆனா நீங்க அந்த எடத்துல கூலிக்கு நிக்கிறெண்டு போட்டோ வந்தீக்கிது, சனம் கேக்குது, நான் என்னெண்டு செல்ற எண்டு கேட்டார். நான் என்னத்த செல்ற அக்கா? எண்ட பேர் ஈக்கிது. எண்ட ஐடென்டி நம்பர் ஈக்கிது. அதச் சுத்தி எவனோ செவப்புல வட்டம் கீறி ஈக்கான்."

"நான் நல்லதுக்கெண்டு..."

"தெரியும். அதுதான் ஏச ஏலாம ஈக்கிது." சேலை கொஞ்சம் விலகியது. ஜெஸீமாவின் முகம் காய்ந்துபோயிருந்தது. நோன்பு ஒரு பக்கம், அடுப்புப் புகை ஒரு பக்கம். அவளுக்குப் பின்னால் மேசையில், பொரிக்காத சமோசா தட்டுத் தட்டாக ஈரத்துணி போட்டு மூடிக் கிடந்தது. "நேத்து மடிச்சது. எண்ணெய் விக்கிற வெலைக்கு பொரிச்சா நான்தான் திங்கணும். எண்ட பேர எடுத்துத் தாங்க அக்கா. வேற ஒண்டும் வாணாம். சல்லி வாணாம், மன்னிப்பு வாணாம். அந்தச் செவத்துல ஈந்து எண்ட பேர எடுத்துத் தாங்க."

*

தீன் அள்ளாமல் வெறும் வண்டிலோடு பாலத்தைக் கடந்தது ஐறீனுக்கு ஊரடங்குக்குப் பிறகு அன்றைக்குத்தான். ஆறு சேற்று நிறத்தில் அசையாமல் கிடந்தது. மழைக்கு இருட்டி, பெய்யாமல் நாள் முழுக்க வேர்க்க வைக்கிற சித்திரை மாதம்.

ஸ்ரனிஸ்லாஸ் அரைப் பீப்பாயைக் கல்லில் ஏற்றி, கீழே தென்னம் மட்டை வைத்து எரித்துக்கொண்டிருந்தான். தீனைக் காய்ச்சாமல் போட்டால் பன்றிக்குக் காய்ச்சல், வருத்தம் வரும். காய்ச்ச முதல் கையை விட்டுக் கிளறி எலும்பு, றப்பர் வளையம், பிழிந்த தேசிக்காய்த் தோல் எல்லாம் பொறுக்க வேண்டும். தேசிக்காய் ஒன்று தவறி விழுந்தாலும் பீப்பாய் முழுக்கக் கைத்துப்போய், பன்றி முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். துறைமுகத்தில் சாக்கு மூட்டை இறக்கிய கை அது. இப்போது இதைப் பொறுக்குகிறது. சாய்ந்த கொட்டிலுக்குள் சினைப்பன்றி வயிறு நிலத்தில் தட்ட நின்று, ஐறீனின் சத்தம் கேட்டு உறுமியது.

"எங்கை தீன்?"

அவள் சொன்னாள். முழுக்கச் சொன்னாள். அவன் மட்டையைத் தள்ளித் தள்ளி எரித்துக்கொண்டே கேட்டான்.

"ஹாபரிலை இவ்வளவு காலம் கப்பல் இறக்கினன். ஒரு நாய் என்ர பேரைச் சுவத்திலை ஒட்டேல்லை. பண்டி வளத்த உடனை ஒட்டியிருக்கிறாங்கள்."

"பகிடியை விடுங்கோ."

"பகிடியோ? நான் அண்டைக்கே சொன்னனான், அவங்களுக்குப் பேர் குடாத எண்டு. பேர் கேக்கிறவன் நல்லதுக்குக் கேக்கமாட்டான். கேட்டியோ? சனமும் சனம்தான். அதே கடதாசியிலை மேலை பார், பெரிய கோழிப் பண்ணைக்காரன் எத்தினை லட்சம் எடுத்திருப்பான். அவன்ரை பேரைச் சுத்தி ஒருத்தனும் வட்டம் கீறமாட்டான். ஏனெண்டா அவனை ஒருத்தருக்கும் தெரியாது. எங்களைத் தெரியும்."

ஐறீன் பீற்றருக்குப் போன் எடுத்தாள். பன்றி வளர்ப்போர் சங்கத்துச் செயலாளர் அவன்தான். ஊரடங்கில் பாஸ் குத்திய மோட்டார் சைக்கிளில் வந்து, முகத்தை மூடிக்கொண்டு, மதிலுக்கு வெளியே நின்று கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போனவனும் அவன்தான். போனை ஸ்ரனிஸ்லாசும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தாள்.

"அக்கா, நீங்கள் சொன்ன பேரைத்தானே நான் எழுதினனான்."

"அந்தப் பேருக்குச் சல்லி கூடும் எண்டு நீர் சொல்லேல்லையே பீற்றர்."

"சொன்னா நீங்கள் பயந்து ஒரு பேரும் சொல்லியிருக்க மாட்டியள். உங்கடை மூண்டு நாலு பண்டிக்கு என்ன கிடைச்சிருக்கும்? ஒரு மூட்டைத் தவிடும் வராது. உங்கடை நன்மைக்குத்தான் அக்கா."

"சரி, இப்ப ஒரு பேரை எடுக்கவேணும்."

போனுக்குள் கடதாசி புரட்டுகிற சத்தம் கேட்டது.

"எடுக்கலாம். 'நான் பொய்த் தகவல் குடுத்தனான்' எண்டு நீங்கள் ஒபிசிலை கையெழுத்து வைக்கவேணும். அந்த ஆளுக்கெண்டு வந்த பங்கைத் திருப்பிக் கட்டவேணும். அது போகட்டும், சின்னக் காசு. ஆனா கையெழுத்து வைச்சா சங்கத்தாலை உங்களை எடுத்துப்போடுவினம், அதுதான் சட்டம். சங்கத் தவிடு இல்லை, மருந்து இல்லை. வெளியிலை தவிடு என்ன விலை எண்டு தெரியும்தானே? அந்த மனிசி ரெண்டு மாதம் பொறுத்தா சனம் மறந்துபோகும் அக்கா. சொல்லிப் பாருங்கோ."

பீப்பாய்த் தண்ணீர் கொதித்தது. அதற்குள் போட ஒன்றும் இல்லை. நேற்றைய தவிட்டில் மிச்சம் இருந்ததை ஸ்ரனிஸ்லாஸ் உதறிக் கொட்டினான்.

"ஒழுங்கை வாளியைக் கவிட்டிட்டுது," என்றான். "இருக்கிறது சங்கத் தவிடு ஒண்டுதான். அதையும் நீ போய் வெட்டிப்போட்டு வந்தா, குட்டி போடப்போற இதுக்கு என்னத்தைக் குடுக்கிறது? உன்ரை செபமாலையையோ?"

"நோன்பு ரெண்டு மாதம் நிக்காது. அவளுக்கு இந்த மாதம்தான் பிழைப்பு."

"எங்களுக்கு எந்த மாதம் பிழைப்பு?"

"அவள் என்ன பாவம் செய்தவள்? கிழங்குத் தோல் தந்தவள். அதுதான் அவள் செய்த குற்றம்."

ஸ்ரனிஸ்லாஸ் கொட்டிலுக்குள் குனிந்து போனான். சினைப்பன்றியின் முதுகை ஓட்டாங்கச்சியால் சுரண்டினான். அது கண்ணை மூடிக்கொண்டு சுகத்துக்கு நின்றது. வெகுநேரம் சுரண்டினான்.

"வித்துப்போடுவம்," என்றான் உள்ளேயிருந்து. "சினையோடை வித்தா நட்டம். பட்டினி போட்டா பாவம். வத்தளை ஆள் ஒருத்தன் விலைக்குக் கேட்டவன். நாளைக்குப் போ. என்ன எழுதவேணுமோ எழுதிக் குடு. என்னைக் கூப்பிடாதை. அந்தச் சுவத்தடியிலை நான் வந்து நிக்கமாட்டன்."

பின்னேரம் ஐறீன் வீட்டுக்கு வந்தபோது றஞ்சிதமும் இன்னும் இரண்டு பெண்களும் வாசலில் நின்றார்கள். பேரை எடுக்கப்போகிற செய்தி பீற்றர் வாயால் அவளுக்கு முன்னமே ஒழுங்கைக்கு வந்துவிட்டது.

"ஒரு பேரு பொய்யின்னா எல்லாப் பேரும் பொய்யாயிருமேங்க," என்றாள் றஞ்சிதம். "அப்ப எங்க பங்கு?"

"பங்கெண்டு ஒண்டும் இல்லை றஞ்சிதம். அண்டைக்கே பண்டி திண்டிட்டுது."

"அவங்களுக்காகப் போறீங்க. எங்களுக்காக எங்கயாச்சும் போயிருக்கீங்களா?"

ஐறீன் அவளைப் பார்த்தாள்.

"ஈஸ்டருக்கு இறைச்சி இல்லை," என்றாள். "எல்லாத்தையும் விக்கிறம். வாளியளைத் தண்ணிக்கு வைச்சுக்கொள்ளுங்கோ."

அவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை. றஞ்சிதம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

*

அலுவலகத்துக்கு ஐறீனும் ஜெஸீமாவும் வரவேண்டும், அடையாள அட்டையோடு என்று சொல்லியிருந்தார்கள். ஐறீன் பஸ்ஸில் போனாள். ஜெஸீமா ஆட்டோவில் வந்தாள். சேர்ந்து போவோமா என்று இவளும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

கீழே சுவரில் அந்தக் கடதாசிகள் ஒட்டியிருந்தன. பத்துப் பதினைந்து பேர் முண்டியடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நிற்கிற அலுப்புக்கு வாசிக்கிறதற்கு ஒன்று. ஒருவன் வாய்விட்டுப் பேர் வாசிக்க, மற்றவர்கள் சிரித்தார்கள். ஜெஸீமா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அதைத் தாண்டி மாடிப்படி ஏறினாள். ஐறீன் பின்னால் ஏறினாள்.

மேலே கரண்ட் இல்லை. மின்விசிறி நின்றுபோயிருந்தது. சனம் கையில் இருந்த கடதாசியால் விசிறிக்கொண்டு காத்திருந்தது. உத்தியோகத்தர் ஒரு இளம் சிங்களப் பெண். முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான். அவளும் எந்த வரிசையில் நின்றுவிட்டு வேலைக்கு வந்தாளோ.

"மொக்கத அம்மே?" என்ன விஷயம் என்று கேட்டாள்.

ஐறீன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். ஒரு பேர் பிழையாகப் போட்டிருக்கிறது. எடுக்கவேண்டும். உத்தியோகத்தர் கோவையைப் புரட்டி, அந்தத் தாளை எடுத்து, விரலை வைத்தாள்.

இந்த ஆள் அங்கே வேலை செய்யவில்லையா என்று கேட்டாள்.

"நெஹெ மிஸ்," இல்லையென்று ஐறீன் தலையாட்டினாள்.

தீன் கொடுத்தவர் என்று இங்கே எழுதியிருக்கிறதே என்றாள் உத்தியோகத்தர். வேலை செய்ய வேண்டியதில்லை அம்மே, தீன் கொடுத்தாலே உதவியாள்தான். ஒரு நாளாவது ஏதாவது கொடுத்திருந்தால் பேர் சரி. சரியான பேரை என்னால் வெட்ட முடியாது. கொடுத்தாரா, இல்லையா?

ஐறீனுக்கு இந்தக் கேள்வி வரும் என்று தெரியாது. பொய்யென்று ஒரு கையெழுத்து வைத்தால் போதும் என்று நினைத்து வந்தவள். எது பொய், அதை எப்படிச் சொல்லுகிறது என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. பக்கத்துக் கதிரையில் ஜெஸீமா மடியில் கையை வைத்துக்கொண்டு மேசை விளிம்பைப் பார்த்தபடி இருந்தாள். அவளுக்கு ஐறீனைவிட நல்ல சிங்களம் தெரியும்.

"இல்லை," என்றாள் ஐறீன்.

ஒரு தரமும்?

"ஒரு தரமும் இல்லை மிஸ்."

மற்ற வீடுகள்?

"மற்ற வீடுகள் எல்லாம் தந்தது. அது உண்மை."

அப்படியென்றால் அந்த ஒழுங்கையில் ஒன்றும் தராத வீடு இவருடையது ஒன்றுதானா?

வெளியே ஒரு குழந்தை அழுதது. யாரோ சத்தமாகக் கொட்டாவி விட்டார்கள்.

"ஓம் மிஸ். அது ஒண்டுதான். அந்த வீட்டிலை இருந்து ஒரு கோவா இலைகூட எங்களுக்கு வந்ததில்லை. அவவுக்கும் எங்களுக்கும் ஒரு குடுக்கல் வாங்கலும் இல்லை. நான்தான் ஆள் கூட்டிக் காட்ட அவவின்ரை பேரைக் களவாப் போட்டனான்."

அவ்வளவும் கேட்கவில்லை அந்தப் பெண். கேட்காததையும் சேர்த்து ஐறீன் சொன்னாள். பொய் சொல்லுகிறது என்று வந்தபிறகு பாதிப் பொய் சொல்லி என்ன பயன்? ஜெஸீமா தலை நிமிரவில்லை.

உத்தியோகத்தர் எழுதினாள். இது உண்மையா என்று ஜெஸீமாவிடம் கேட்டாள். நோன்பு வாயில் பொய் சொல்லக் கூடாது என்பது ஐறீனுக்கும் தெரியும்.

"அவங்க செல்றதத்தான் எழுதிக்கோங்க மிஸ்," என்றாள் ஜெஸீமா.

அதுவே போதும் என்று உத்தியோகத்தர் ஐறீன் நீட்டிய பங்குக் காசை எடுத்துக்கொண்டு, இருவரிடமும் கையெழுத்து வாங்கினாள். திருத்தமும் அதே சுவரில்தான் ஒட்டப்படும், பேஸ்புக்கிலும் போடுவோம், அதுதான் ஒழுங்கு என்றாள். இன்ன பண்ணைக்காரரின் மனைவியான ஐறீன் என்பவர் பொய்த் தகவல் வழங்கினார், இன்ன பெயர் நீக்கப்படுகிறது. இரண்டு மொழியில் இரண்டு வரி. பியோன் ஒருவன் பசைவாளியோடு அவர்களுக்கு முன்னால் படி இறங்கினான். சுவரடியில் நின்ற கூட்டம் விலகி வழி விட்டது. புதுக்கடதாசி வந்தால் புதுப்பேர்.

ஜெஸீமா போனை எடுத்து அதைப் படம் பிடித்தாள். படம் மங்கலாக வர, இன்னொரு தரம் பிடித்தாள். கடை நானாவுக்கு அனுப்பினாள். ஐறீன் தன் பேரை அந்தச் சுவரில் ஒரு தரம் பார்த்தாள். புருஷன் பேருக்குக் கீழே தலை மறைத்துக் கிடந்த பேர், இப்போது தனியாக ஒரு கடதாசியில் நின்றது.

அப்போதுதான் மழை கொட்டத் தொடங்கியது. மூன்று நாளாக இருட்டிக்கொண்டு நின்ற மழை. பஸ் தரிப்புக்கு ஓட ஐறீனுக்கு முழங்கால் இல்லை. அவள் கூரை விளிம்பில் ஒதுங்கி நின்றாள். ஜெஸீமா ஏறிப்போன ஆட்டோ திரும்பி வந்து அவளுக்கு முன்னால் நின்றது.

"ஏறுங்க அக்கா. நனையாதீங்க."

ஏறினாள். ஆட்டோக்காரன் இரண்டு பக்கமும் தறப்பாளை இறக்கி விட்டான். உள்ளே இருட்டாக, சூடாக இருந்தது. இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் இருக்கிற இடம் விட்டுத்தான் இருந்தார்கள். பள்ளத்தில் ஏறி இறங்கியபோது தோளோடு தோள் முட்டியது. பிறகு அவர்கள் விலகவில்லை.

"ஒங்கட ஆக்கள வித்துட்டீங்களாமே."

"நாளைக்கு வந்து ஏத்துவான்."

"வகுத்துல ஈக்கிறதோடயா?"

"ஓம்."

ஜெஸீமா தறப்பாளில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள்.

"அவளவு செல்லி ஈக்கத் தேவல்ல அக்கா. ஒரு கோவா இலைகூட எண்டு."

"சொன்னால்தான் நம்புவினம்."

"கேக்க ஒரு மாதிரி ஈந்திச்சி."

"சொல்லவும்தான்."

போன் ரிங் பண்ணியது. கடை நானா. ஜெஸீமா காதோடு வைத்துக் கேட்டாள். ஓம் நானா, ஓம், அல்ஹம்துலில்லாஹ், நாளைக்கி அசர் தொழுகைக்கு முந்தி கொண்டாரன் என்றாள். போனை மடியில் வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். சத்தமில்லாமல், முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு. ஐறீன் அவள் முழங்காலில் கையை வைத்தாள். அப்படியே மழைக்குள் போனார்கள்.

கோவில் திருப்பம் வந்தபோது மழை தணிந்துவிட்டது. ஆட்டோக்காரன் தறப்பாளைச் சுருட்டினான். வெளிச்சம் உள்ளே வந்தது. ஜெஸீமா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். ஒழுங்கை வாயில் கடையடியில் சனம் நின்றது.

"மல்லி, கொஞ்சம் நிப்பாட்டுங்க," என்றாள் ஆட்டோக்காரத் தம்பியிடம். பிறகு ஐறீனைப் பார்க்காமல் சொன்னாள்: "அக்கா, நீங்க இங்கினயே எறங்குறீங்களா? ரெண்டு பேரும் ஒண்டா வந்து எறங்கினா..."

"விளங்குது."

"கோவிக்க வாணாம்."

"கோவமில்லை. அதுதான் சரி."

ஐறீன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஆட்டோ அவளைத் தாண்டி ஒழுங்கைப் பக்கம் திரும்பியது. கடையடியில் நின்றவர்கள் ஆட்டோவுக்குள் யார் என்று குனிந்து பார்த்தார்கள். பிறகு தெருவைப் பார்த்தார்கள். ஐறீன் கோவில் மதில் பக்கம் திரும்பி, செருப்பு வார் அறுந்துபோன ஆள் மாதிரிக் குனிந்து, ஆட்டோவின் சத்தம் அடங்கும் வரைக்கும் காலைத் தடவிக்கொண்டு நின்றாள்.